கேட்டைக்குச் செவ்வாய்க்கிழமை தெரியுமா

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆந்திர எல்லையில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கு ஒரே வாத்தியார். அவரும் பாதி நாள் வரமாட்டார். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்று இன்றும் எனக்குச் சந்தேகம் வரும். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

நான் எழுத வந்தது ஒரு அம்மாளைப் பற்றி. பெயர் எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. “இதை உங்களுக்கு யார் சொன்னா, எப்படித் தெரியும்?” என்று கேட்பார்.

அவர் எதையும் முதலில் உள்ளங்கையால் தொடமாட்டார். புறங்கையைத்தான் வைத்துப் பார்ப்பார். நாற்காலியில் உட்காருமுன் வைப்பார். “யாரோ இப்பதான் எழுந்து போயிருக்கா” என்பார். ரேணிகுண்டாவில் ஒரு டீக்கடையில் கிளாஸை வாங்கி, குடிக்காமல் கையில் உருட்டிக்கொண்டே கேட்டார்.

“டீ சூடா, கிளாஸ் சூடா?”

“ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?” என்றார் கடைக்காரர்.

“ஒண்ணில்லே. வெந்நீர்ல முக்கின கிளாஸ்ல ஆறின டீயை ஊத்தினா கைக்கு சூடாத்தான் இருக்கும். நாக்குக்குத்தான் தெரியும்.”

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரோடு எங்கே போனாலும் தரையைப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. பொதுவாகவே எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது.

அந்த அம்மாள் திருப்பதியில் கோயில் கைங்கர்யம் செய்கிற ஐயங்கார் குடும்பம். அண்ணனும் தம்பியும் திருமலையில் சேவையில் இருந்தார்கள். இவர் மட்டும் பெரிய படிப்புப் படித்துவிட்டு, நாகலாபுரம் தாண்டி ஒரு கரட்டு மேல் போட்டிருந்த தகரக் கொட்டகையில் வேலை பார்த்தார். கொட்டகைக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு வெள்ளைத் தட்டு, வானத்தைப் பார்த்து நிற்கும். ஊரில் அப்போதுதான் கேபிள் டிவி வந்திருந்தது. முதலில் இதையும் அதற்கான தட்டு என்றுதான் நினைத்தார்கள். படம் எதுவும் வராததால் அடுத்த சந்தேகம் வந்தது. செம்மரம் வெட்டுகிறவர்களை மேலிருந்து கண்காணிக்கிற மிஷின் என்றார்கள். காட்டுக்குப் போய்வருகிற இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் நடப்பதையே விட்டுவிட்டார்கள். அவர் பகலில்தான் வேலை செய்வார் என்பதால் சந்தேகம் இன்னும் கூடியது. “நட்சத்திரம் பாக்கறவங்க பகல்ல இன்னாத்த பாப்பாங்க?” என்று ஊரில் கேட்டார்கள். கேள்வி நியாயம்தான். அந்தத் தட்டு வெளிச்சத்தைப் பார்ப்பதில்லை, அதனால் அதற்குப் பகலும் ஒன்று இரவும் ஒன்று என்று எனக்குத் தெரியவே ஒரு வருடம் ஆனது.

கொட்டகைக்கு ஒரு நிர்வாக ஆபீசர் இருந்தார். புத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். ஒரு நாள் பத்து மணிக்கு வெளியே நின்றுகொண்டு, காலை எட்டு மணிக்கே வந்து காத்திருப்பதாகச் சொன்னார். அம்மாள் பேசிக்கொண்டே நடந்து போய் ஸ்கூட்டர் என்ஜின் மேல் புறங்கையை வைத்து எடுத்தார்.

“நீங்க எட்டு மணிக்கே வந்துட்டேள். வண்டி மட்டும் இப்பதான் வந்திருக்கு.”

அன்றிலிருந்து ஆபீசர் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய்ப் புளியமரத்தடியில் நிறுத்துவார்.

என் வேலை நைட்ரஜன் கொண்டுபோவது. தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் பனிக்கட்டியைவிடப் பல மடங்கு குளிர்ச்சி. அலுமினியக் கேனில் வரும். விரல் பட்டால் தோல் உரிந்துவிடும். செவ்வாயும் வெள்ளியும் ரேணிகுண்டாவில் நிரப்பிக்கொண்டு என் வேனில் கொட்டகைக்குக் கொண்டுபோய் வாட்ச்மேனிடம் கொடுப்பேன். மார்கழியிலிருந்து பங்குனி வரைக்கும்தான் இந்த வேலை. மற்ற மாதங்களில் வாடகைக்கு ஓட்டுவேன்.

அப்படி ஒரு மே மாதம், அவர் வீட்டுக்கு ஊறுகாய் மாங்காய் வாங்க பங்காருபாளையம் மண்டிக்கு அழைத்துப் போனேன். வியாபாரி தராசில் நிறுத்துப் போட்டதும், “தட்டை மாத்திப் போடுங்கோ. கல் இருந்த பக்கம் மாங்காய், மாங்காய் இருந்த பக்கம் கல்” என்றார்.

“ஏம்மா, முப்பது வருசமா யாபாரம் பண்றேன். எம்மேலயா சந்தேகம்?”

“உங்க மேல இல்லே. தராசு மேலதான்.”

“தராசு என்னுதுதானம்மா!”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வியாபாரி முணுமுணுத்துக்கொண்டே மாற்றிப் போட்டார். முள் நேராக நின்றது. இவர் வெட்கப்படுவார் என்று பார்த்தேன். வெட்கமே இல்லை. குழந்தை மாதிரி முகம் மலர்ந்து, “இனிமே நிம்மதியா எடுத்துண்டு போலாம்” என்றார். அப்போதுதான் புரிந்தது. நாமெல்லாம் கோபம் வந்தால் சந்தேகப்படுவோம். அவருக்குச் சந்தேகம் என்பது நாம் கோலம் போடுமுன் வாசல் பெருக்குகிற மாதிரி.

அவர் பார்த்தது ஒரே ஒரு மேகம். மழை மேகம் இல்லை. நட்சத்திரங்களுக்கு நடுவே, தூசியும் வாயுவும் சேர்ந்து கருகருவென்று கிடக்கிற மேகம். விருச்சிகத்தில், கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில். தை, மாசி மாதங்களில் விடியலிலிருந்து உச்சி வேளை வரை அது எங்கள் கரட்டுக்கு மேலே இருக்கும், நமக்குத்தான் தெரியாது.

கேனை இறக்கிவிட்டு நிற்கும்போது எப்போதாவது சொல்வார். நட்சத்திர வெளிச்சம் மேகத்தின் தூசியில் படுகிறது. தூசியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு பிய்த்துக்கொண்டு தெறிக்கிறது. அது போய் வாயுவை முட்டுகிறது. முட்ட முட்ட வாயு சூடாகிறது. மேகத்தின் ஓரம்தான் அப்படிச் சூடாகும். நடுவே வெளிச்சம் போக முடியாது. அங்கே சில்லென்றே கிடக்கும்.

“சூடுன்னா கை வெச்சா சுடுமா மேடம்?”

“நீங்க தூக்கிண்டு வரேளே இந்தக் கேன், அதுக்குள்ள இருக்கறதைவிடக் குளிர்ச்சி. அதுல கொஞ்சூண்டு கூடினா அதுக்குப் பேர்தான் அங்கே சூடு.”

எங்கள் பக்கம் வைக்கோல் ஈரத்தோடு போர் போட்டுவிட்டால் கடப்பாரையை உள்ளே செருகி வைத்து, கொஞ்ச நேரம் கழித்து இழுத்துத் தொட்டுப் பார்ப்போம். உள்ளே புழுங்கினால் இரும்பு சுடும். உடனே போரைப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பற்றிக்கொள்ளும். போகிற வழியில் ஒருவர் அப்படிச் செய்வதைப் பார்த்து வேனை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் போய் அந்தக் கடப்பாரையின் நுனி, நடு, அடி என்று மூன்று இடத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார்.

“இதேதான் என் கஷ்டமும்” என்றார். “வெய்யில் பட்டுச் சுடறதா, உள்ளேர்ந்தே சுடறதா? வெளியில நிக்கற நட்சத்திரமா, உள்ளுக்குள்ள ஒளிஞ்சிண்டிருக்கறதா?”

வைக்கோல்காரர் என்னிடம் மெதுவாக, “யாருப்பா இந்தம்மா, இன்சூரன்ஸா?” என்றார்.

இந்த மேகத்தைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் கேட்டையைத்தான் சொன்னார்களாம். பெரிய நட்சத்திரம், சிவப்பு, மேகத்தை ஒட்டித் தெரிகிறது. சுடுவது அதுவாகத்தான் இருக்கும் என்று. இவருக்கு அதில் நம்பிக்கையில்லை. ஒட்டித் தெரிவதெல்லாம் ஒட்டி இருக்காது. ஒன்றுக்குப் பின்னால் வெகுதூரத்தில் ஒன்று நிற்கும், கீழே இருந்து பார்த்தால் பக்கத்தில் தெரியும் என்பார்.

வாட்ச்மேன் அண்ணன்தான் ஒரு நாள் எனக்கு இன்னொரு விஷயம் சொன்னார். அந்த அம்மாள் பிறந்ததே கேட்டை நட்சத்திரம். பெண் கேட்டையானால் கட்டுகிறவனின் அண்ணனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மூன்று வரன் அதனாலேயே தட்டிப்போனதாம். நான்காவது இடத்தில் மாப்பிள்ளைக்கு அண்ணனே கிடையாது. நிச்சயம் வரை வந்துவிட்டது. அந்த வாரம் மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் ஒருவர் பஸ்ஸிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அவரும் அண்ணன் முறைதானே என்று அதையும் நிறுத்திவிட்டார்கள்.

“அதுக்குத்தான் கேட்டையைப் புடிச்சிக்கினு விசாரிக்குது போலக்கீது” என்றார் அண்ணன். நான் சிரித்துவிட்டேன். பிறகு சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது.

என் மனைவியின் தம்பி மாடுகளுக்குச் சினை ஊசி போடுகிறவன். தனியார் பால் கம்பெனிகள் வந்த காலம். எங்கள் பக்கம் நிலமில்லாதவர்கள்கூட ஆளுக்கொரு சீமை மாடு பிடித்திருந்தார்கள். காளையின் விந்துக் குச்சிகளையும் இதே நைட்ரஜனில்தான் வைக்க வேண்டும். வற்றினால் எல்லாம் செத்துப்போகும். அவனுக்கு வர வேண்டிய கேன் எப்போதும் தாமதமாகத்தான் வரும். அதனால் செவ்வாய்க்கிழமைகளில் புத்தூருக்கு வெளியே டீக்கடையில் தன் சின்னக் கேனோடு நிற்பான்.

“மாமா, ஒரு சாண் ஊத்து மாமா. ஊர்ல ஆறு மாடு கத்திக்கினு கீது. குச்சி செத்துப்பூட்டா நான் இன்னா பதில் சொல்லுவேன்?”

ஊற்றினேன். ஒரு காசு வாங்கியதில்லை. நைட்ரஜன் திருடினாலும் குறையும், திருடாவிட்டாலும் ஆவியாகிக் குறையும். யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். இரண்டு வருடம் ஊற்றினேன்.

அந்த நைட்ரஜன் எதற்கு என்று நான் கேட்டதே இல்லை. பிறகுதான் தெரிந்தது. தட்டுக்குப் பின்னால் மூடிய பெட்டி ஒன்றில் ஒரு கருப்புப் பஞ்சு இருக்கும். வாட்ச்மேன் அண்ணன் அதில் நைட்ரஜனை ஊற்றுவார். மிஷின் ஒரு தரம் அறையின் சூட்டைப் பார்க்கும், ஒரு தரம் அந்தப் பஞ்சின் குளிரைப் பார்க்கும். இந்த இரண்டையும் படிக்கல்லாக வைத்துத்தான் மேகத்தை நிறுக்கும். பஞ்சு முழுதாக நனையாவிட்டால் படிக்கல் பொய். மேகம் இருக்கிறதைவிடச் சூடாகக் காட்டும்.

இரண்டாவது வருடம் மாசி மாதம், அவர் கட்டம் போட்ட தாளை விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் நாள் கேனோடு போன என்னைக் கூப்பிட்டார்.

“கேட்டைப் பக்கத்து ஓரத்தை செவ்வாய், புதன், வியாழன்ல பாத்தேன். எதிர்ப் பக்கத்து ஓரத்தை வெள்ளிலேர்ந்து திங்கள் வரைக்கும். கேட்டைப் பக்கம்தான் சூடுன்னு வந்தது. எனக்கே பிடிக்கலை, ஆனா வந்துடுத்தேன்னு எழுதி வெச்சுட்டேன். போன மாசம் மனசு கேக்காம நாளை மாத்திப் பாத்தேன். இப்ப எதிர்ப் பக்கம் சூடா இருக்கு. செவ்வாக்கிழமை எதைப் பாத்தாலும் சூடு. ஏம்ப்பா, கேட்டைக்குச் செவ்வாக்கிழமை தெரியுமா?”

நான் கேன் மூடியை இறுக்கினேன். “தெரியாது மேடம்” என்றேன்.

“அப்ப கோளாறு வானத்துல இல்லே. இங்கேதான்.”

முதலில் மிஷினைச் சந்தேகப்பட்டார். பிறகு வெயிலை. பிறகு தன் கண்ணை. கடைசியில் பெட்டியைத் திறந்து பஞ்சைப் பார்த்தார். மேல் பாதி காய்ந்திருந்தது. நைட்ரஜன் குறைகிறது என்று ஆபீசருக்கு எழுதினார். ஆபீசர் வெள்ளிக்கிழமை காலை வந்து இறங்கியதுமே வாட்ச்மேனைப் பிடித்துக்கொண்டார்.

“தொங்கா! திருட்டுப் பயலே! ராத்திரியெல்லாம் கேன் பக்கத்துல படுக்கறவன் நீதானே? மாட்டு ஊசிக்காரனுங்களுக்கு வித்துட்டியா? ஸ்டேஷனுக்கு கம்ப்ளெயிண்ட் எழுதிட்டேன், பார்.”

வாட்ச்மேன் அண்ணனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் குவைத்துக்குப் போக பாஸ்போர்ட் போட்டிருந்தார். வீட்டில் மூன்று பெண்கள். போலீஸ் விசாரணை அடுத்த வாரம் வரவேண்டும். ஸ்டேஷனில் திருட்டு என்று ஒரு காகிதம் விழுந்தால் அதோடு எல்லாம் போயிற்று.

“சார், சத்தியமா நான் இல்ல சார். எம் பொண்ணுங்க மேல ஆணை.”

“பக்கத்துல படுத்தா திருடனா?” என்று அம்மாள் குறுக்கே வந்தார். “பக்கத்துல தெரியறதுன்னு கேட்டை மேல நான் எழுதி வெச்சுட்டு இப்ப முழிக்கறேன். நீங்களும் அதையே பண்றேள்.”

“மேடம், நட்சத்திரத்து மேல கேஸ் போட முடியாது. இவன் மேல போடலாம்.”

ஆபீசர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டர் பக்கம் நடந்தார். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் புளியமரம் இருபது தப்படி இருக்கும். அவர் பாதி தூரம் போகிறவரை எனக்கு வாய் வரவில்லை.

“சார்... நான்தான் சார்.”

ஆபீசர் திரும்பிப் பார்த்தார். “நுவ்வா? நீயா? வாயே திறக்காத ஆளு! இவன் என்ன கொடுத்தான் உனக்கு?”

“செவ்வாக்கெழம என் மச்சானுக்கு ஊத்தினேன் சார். ஒரு சாண்.”

“யார் சாண்?” என்று கேட்டார் அம்மாள்.

“இன்னா மேடம்?”

“உங்க சாணா, அவர் சாணா?”

“அவன் சாண் மேடம்.”

 திட்டுவார் என்று நின்றேன்.

“இதையும் நான் நம்பலை” என்றார். “நீங்க அவரை அண்ணேன்னு கூப்பிடறவர். காப்பாத்தறதுக்காகச் சொல்றேளோ என்னவோ. ரெண்டு செவ்வா முழுக் கேன் கொண்டுவாங்கோ. சூடு எறங்கித்துன்னா நம்பறேன். அதுவரைக்கும் அந்தக் காகிதம் இங்கேயே இருக்கட்டும் சார்.”

ஆபீசர் முதலில் மறுத்தார். அம்மாள் ஸ்கூட்டரை ஒரு தரம் பார்த்தார். ஆபீசர் காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

முதல் செவ்வாய், புத்தூர் டீக்கடையில் நிறுத்தவில்லை. “மாமா! மாமா!” என்று மச்சான் கேனைத் தூக்கிக்கொண்டு வேன் பின்னால் ஓடிவந்தது கண்ணாடியில் தெரிந்தது. இரண்டாம் செவ்வாய் அவன் நிற்கவே இல்லை. குச்சியெல்லாம் செத்துவிட்டதாம். என் மனைவி சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்காமல் தள்ளி வைத்துவிட்டுப் போனாள். எனக்கு அதுகூடப் பெரிதாகப் படவில்லை. சூடு இறங்காமல் போனால் என்ன செய்வது என்றுதான் பயம். இறங்காவிட்டால் நான் சொன்னதை யாரும் நம்பமாட்டார்கள். அந்தக் காகிதம் ஸ்டேஷனுக்குப் போய்விடும். நாகலாபுரம் பெருமாள் கோயிலில் நின்று, நான் திருடன்தான் என்று ருசுவாக வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டிக்கொண்டவன் அந்தக் கோயிலில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வியாழக்கிழமை மத்தியானம் எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டுத் தாளை விரித்தார். இரண்டு கோடுகள் இருந்தன. பழைய கோட்டில் கேட்டைப் பக்கம் ஒரு மேடு. புதிய கோட்டில் அந்த இடம் தட்டையாகப் படுத்துக் கிடந்தது.

“இந்த மேடு மொத்தமும் நீங்க பண்ணினது” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். “கேட்டை ஒண்ணும் பண்ணலை.”

கேட்டைக்கு எதிர்ப் பக்கத்து ஓரத்தில் மட்டும் ஒரு சின்ன மேடு அப்படியே இருந்தது. எந்தக் கிழமை பார்த்தாலும் இருக்கிறதாம். அங்கே தூசிக்குள் ஒரு நட்சத்திரம் ஒளிந்திருக்கிறது. அந்த ஓரத்தைச் சுடுவது அதுதான், நம்முடைய மேடு உயரமாக இருந்ததால் இத்தனை நாள் அது கண்ணில் படவில்லை என்றார். ஆபீசருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வாட்ச்மேன் அண்ணனுக்கும் ஏறவில்லை.

“அப்ப நான், மேடம்?” என்றார் அண்ணன்.

“உங்க பேர் இந்தத் தாள்ல எங்கேயும் இல்லே” என்று சொல்லி, மேசை மேலிருந்த ஆபீசரின் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். அந்த வைகாசியில் அண்ணன் குவைத்துக்கு விமானம் ஏறினார்.

என்னை அன்றே நிறுத்திவிட்டார்கள். அது நியாயம். காலிக் கேன்களை இறக்கி வைத்துவிட்டு வேனில் ஏறினேன். அம்மாள் ஜன்னல் அருகே வந்து நின்றார்.

“ஏன் சொன்னேள்?”

“அண்ணனப் புடிச்சிக்கினு போயிடுவாங்களேன்னுதான் மேடம்.”

அவர் யோசித்தார். வெயில் கண்ணில் பட்டதால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

“இருக்கலாம்” என்றார்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. கொட்டகையையும் அடுத்த வருடம் பிரித்துவிட்டார்கள். அவர் வெளிநாடு போய்விட்டதாகக் கேள்வி. அன்று வேன் ஓட்டிக்கொண்டு போகும்போது அந்த ஒரு வார்த்தை மேல் எனக்குக் கோபம் வந்தது. வேலையை விட்டு, மச்சான் பகையைத் தேடிக்கொண்டு உண்மையைச் சொன்னவனிடம் சொல்கிற வார்த்தையா அது என்று. இப்போது கோபம் இல்லை. அண்ணனுக்காகச் சொன்னேனா, இல்லை, இன்னும் இரண்டு செவ்வாய் போனால் அந்த அம்மாளே என்னைக் கண்டுபிடித்துவிடுவார் என்ற பயத்தில் சொன்னேனா? எத்தனையோ தரம் தட்டை மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். முள் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை, 14 ஜூன் 2019.